அக்கரைக்குப் போன பலகைகள்

பாலங்களுக்குச் சாதகம் எழுதுகிறவள் என்று கந்தோரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நேரே சொல்ல மாட்டார்கள். நான் பதிவேடு எடுக்க அலுமாரிப் பக்கம் போனால், "மிஸ், நாங்கள் இருக்கிற கதிரைக்கும் எப்ப காலம் முடியுதெண்டு ஒருக்காப் பாருங்கோவன்" என்று யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தைவிடக் கர்வம்தான் கூட இருந்தது. ஒரு பாலத்தின் தளம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு திருகோணமலையில் தெருக்களையும் பாலங்களையும் பார்க்கும் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. புள்ளிவிபரம் என் பொறுப்பு. அப்போது எங்கள் பகுதியில் இருந்த சின்னப் பாலங்கள் பலவும் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு விட்டங்களின் மேல் பலகை அடித்தவை. இரும்பு கிடக்கும், பலகைதான் போகும். வருடத்துக்கு மூன்று பாலங்களுக்குப் போதுமான மரம் வரும். எந்த மூன்று என்பதில் ஒவ்வொரு வருடமும் சண்டை. சத்தமாகக் கதைக்கிறவருக்குப் பலகை கிடைக்கும், மற்றவர் அடுத்த வருடம் வரை காத்திருப்பார்.

எங்கள் எஞ்சினியர் நல்ல மனிதர். சண்டை பிடிக்காதவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கழற்றிய தளங்கள் ஒவ்வொன்றும் எத்தனை வருடம் இருந்தன என்று கூட்டிச் சராசரி எடுப்பார். அந்தச் சராசரியைத் தாண்டிய பாலத்துக்கு முதலிடம். நான் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சேர், செத்தவையின்ர வயதை மட்டும் கூட்டினா எல்லாரும் இளமையில செத்த மாதிரித்தான் வரும். இன்னும் இருக்கிறவையை என்ன செய்யிறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவை இன்னும் சாகேல்லையே பிள்ளை. எப்ப சாவினம் எண்டு எங்களுக்குத் தெரியாதே."

"எப்ப சாவினம் எண்டு தெரியாது. ஆனா இண்டுவரைக்கும் சாகேல்லை எண்டு தெரியும். அதுவும் ஒரு செய்திதான் சேர்."

மனிதருக்கு ஆயுள் அட்டவணை போடும் முறையை நான் படித்திருந்தேன். அதையே பலகைக்குப் போட்டேன். முறை பெரிய மந்திரம் ஒன்றும் அல்ல. தளங்களை எல்லாம் வயதுப்படி நிறுத்த வேண்டும். ஐந்தாவது வயதுக்குள் நுழைந்தவை எத்தனை, அந்த ஒரு வருடத்துக்குள் பழுதானவை எத்தனை என்று பார்க்க வேண்டும். ஆறாவது வயதுக்கும் அப்படியே. இன்னும் நிற்கிற தளம் தன் இன்றைய வயதுவரை கணக்கில் இருக்கும், பிறகு மரியாதையாக விலகிக்கொள்ளும். இப்படி வருடம் வருடமாகப் பெருக்கிக்கொண்டு போனால், இன்ன வயதுத் தளம் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஓரளவு சொல்லலாம். மூன்று மாதம் பதிவேடுகளோடு மல்லுக்கட்டி அந்த அட்டவணையை முடித்தேன். எஞ்சினியர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாதது ஒன்றுதான் குறை.

அட்டவணை ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. சீனன்குடாவிலிருந்து கப்பல்துறைப் பக்கமும் பட்டினத்துப் பக்கமும் உள்ள பாலங்களில் தளங்கள் சீக்கிரமே பழுதாகின்றன. கொட்டியாரக்குடாவுக்கு அக்கரையில், மூதூர், கட்டைபறிச்சான் பக்கத்தில், தளங்கள் நீண்ட காலம் நிற்கின்றன. அதோடு அங்கே பல தளங்கள் வயதிலும் இளையவை. இதற்குக் காரணமும் என்னிடம் தயாராக இருந்தது. இக்கரையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போய்வரும் பவுசர் லொறிகளின் பாரம். அக்கரையில் மாட்டுவண்டிலும் சைக்கிளும்தான். பிழையான கணக்குக்கு இப்படி ஒரு நியாயமான காரணம் அகப்பட்டுவிட்டால் அதன் பிறகு யாரும் அதைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

அக்கரைப் பாலங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஓவசியர் மூதூர்க்காரர். முஸ்லிம். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடமும் சொச்சமும் இருந்தது. மாதத்தில் ஒரு தடவை குடாவைக் கடந்து லோஞ்சில் வந்து அறிக்கை கொடுத்துவிட்டுப் போவார். அதிகம் கதைக்க மாட்டார். ஒரு முறை அவர் வந்தபோது அந்த வருடத்து மூன்று பாலங்களின் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தது. மூன்றும் இக்கரைப் பாலங்கள். அவர் அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், கட்டைபறிச்சானுக்கு அங்கால வயலுக்குப் போற ஓடைப் பாலம். அது பட்டியல்ல இல்லையே."

நான் அட்டவணையைப் பார்த்தேன். "அது போட்டு ஆறு வருஷம்தானே ஓவசியர். இன்னும் கனகாலம் நிக்கும்."

"வண்டில் ஏறினா சத்தம் வேற மாதிரி வருது மிஸ்."

"சத்தத்தை நான் எந்தக் கட்டத்தில எழுதுறது?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்கட கணக்குச் சரியாத்தான் இருக்கும் மிஸ். பாலம்தான் சரியில்லை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெரும்போக அறுவடை நேரத்தில் அந்தப் பாலம் உடைந்தது. நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரம் நடுப்பாலத்துக்கு வந்தபோது தளம் விட்டுக்கொடுத்தது. இயந்திரம் தப்பிவிட்டது. பின்னால் இழுத்து வந்த பெட்டி ஓடையில் விழுந்தது. மூடைகளின் மேல் இருந்து வந்த நான்கு பேரில் மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள். நான்காமவர் பெட்டிக்குக் கீழே அகப்பட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனார். கட்டைபறிச்சான் ஆள். கலியாணம் கட்டி இரண்டு வருடம். ஒரு கைக்குழந்தை.

செய்தி வந்த அன்று மத்தியானம் நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். சாப்பிடவில்லை. பொதுவாக எனக்குக் கண்ணீர் இலேசில் வராது. அன்று வந்தது, குசினிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த மனிதருக்காகத்தான் அழுதேனா, ஓவசியரிடம் நான் சொன்ன வார்த்தைக்காக அழுதேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எஞ்சினியரின் அறையில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் அட்டவணை அவருக்கு முன்னால் விரித்துக் கிடந்தது. அதைப் பார்த்து மெச்சினார். நாட்டில் வேறெந்தக் கந்தோரிலும் இப்படி ஒன்றைத் தான் காணவில்லை என்றார். பிறகு, அந்தப் பாலத்தின் வரியில் விரலை வைத்துக்கொண்டு, அமைதியாகத் தன் முடிவைச் சொன்னார். இந்த வயதுத் தளம் உடைந்திருக்கக் கூடாது. உடைந்தது என்றால் பராமரிப்பில்தான் குறை. பராமரிப்பு ஓவசியரின் பொறுப்பு. அவர் பழுதைக் கவனிக்கத் தவறியிருக்கிறார், அல்லது கவனித்தும் எழுத்தில் தரவில்லை.

எழுத்தில் தரவில்லைத்தான். என் மேசைக்கு முன்னால் நின்று வாயால் சொன்னார்.

ஓவசியரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். குற்றம் உறுதியானால் முப்பது வருட வேலைக்கு வரவேண்டிய பென்சன் இல்லை. அவர் வாக்குமூலத்தில் "நான் சொல்ல ஒன்றுமில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. குற்றம் செய்யாதவர் ஏன் அப்படி எழுத வேண்டும்? குற்றம் செய்தவர் என்றால் ஏன் முன்கூட்டியே வந்து என்னிடம் சொல்ல வேண்டும்?

ஒரு சனிக்கிழமை, சினேகிதி வீட்டுக்கு என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு லோஞ்ச் ஏறினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தப் பாலங்களின் ஆயுளை எழுதியவள் அவற்றில் ஒன்றையேனும் அதற்கு முன் கண்டதில்லை. பெண்பிள்ளைகளை வெளிவேலைக்கு அனுப்புவதில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

மூதூரில் விசாரித்து ஓவசியரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ஓவசியர் மறுப்பொன்றும் சொல்லாமல் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வந்தார்.

உடைந்த இடத்தைத் தற்காலிகமாகத் திருத்தியிருந்தார்கள். கழன்ற பலகைகள் கரையில் அடுக்கிக் கிடந்தன. நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையிலும் இரும்பு விட்டத்தோடு சேர்த்து முடுக்கிய போல்ட்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே இன்னொரு வரிசை ஓட்டைகளும் இருந்தன. அவற்றைத் தாரால் அடைத்திருந்தார்கள். அந்த இடங்களுக்குக் கீழே இந்தப் பாலத்தில் விட்டமே இல்லை, வேறெங்கோ முடுக்கிய ஓட்டைகள். பலகைகள் முறிந்திருந்ததும் அந்தத் தார் ஓட்டைகளில்தான். நுனிகளைப் பார்த்தேன். அழுக்குக்குள்ளால் சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தது.

அந்த வெள்ளை எனக்குப் பழக்கம். பெரிய ஆட்கள் சீனன்குடாவில் விமானத்தில் வந்து இறங்குவார்கள். அவர்கள் பட்டினத்துக்கு வரும் தெருவில் பாலங்களின் ஓரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். கட்டைபறிச்சான் வயல் பாதையில் எந்தப் பெரிய மனிதருக்காகவும் யாரும் வெள்ளை அடித்ததில்லை.

"இது எங்கட பக்கத்துப் பலகை," என்றேன்.

"ஓம் மிஸ்."

பிறகு அவரே சொன்னார். ஒவ்வொரு முறை பெரிய ஆட்கள் வரும்போதும் இக்கரையில் பலகை மாற்றுவார்கள். கழற்றுகிற பலகைகளில் பாதிக்கு மேல் நல்லவை. ஆனால் நல்ல தளத்தை மாற்ற அனுமதி கிடைக்காது என்பதால் "பழுது" என்று எழுதுவார்கள். பழுதானதைச் சட்டப்படி ஏலத்தில் விற்க வேண்டும். விற்காமல் வள்ளத்தில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுவந்து இங்கே அடிப்பார்கள். எஞ்சினியருக்குத் தெரியும், அவருக்கு முன் இருந்தவருக்கும் தெரியும். பதிவேட்டில், போட்ட திகதிக்கு ஒரு கட்டம் உண்டு. பலகை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை, பலகை பழசெண்டு?"

"நீங்க கேக்கல்ல மிஸ்," என்றார். பிறகு, "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன். பாலம் சரியில்லையெண்டு மட்டும்தான் சொல்ல ஏலும். சொன்னனான்."

"ஓம். சொன்னனீங்கள்."

"இதை எழுதிப் போடாதீங்க மிஸ்."

எனக்குக் கோபம் வந்தது. "உங்கட பென்சன் போகப்போகுது. உங்களில பிழை இல்லையெண்டு நான் எழுதினாத்தானே..."

"பென்சன் எனக்கு ஒருத்தனுக்கு. இது வெளிய வந்தா இனி ஒரு பலகையும் இந்தக் கரைக்கு வராது. எல்லாம் ஏலத்தில போயிரும். புதுப் பலகை எங்களுக்கு எப்ப வந்தது? நீங்களே மரம் வந்த கொப்பியைப் பாருங்க. பழசெண்டாலும் அதிலதான் மிஸ் இந்தச் சனம் இவ்வளவு காலமும் நடந்தது."

திரும்பி வரும் லோஞ்சில் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் மனத்துக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டேன். இக்கரையில் சாகாத பலகையைச் செத்ததென்று எழுதியிருக்கிறேன், அதனால் இக்கரைத் தளங்கள் அற்பாயுசாகத் தெரிந்தன. அக்கரையில் பாதி ஆயுள் முடிந்த பலகையை அன்றுதான் பிறந்ததென்று எழுதியிருக்கிறேன், அதனால் அவை இளமையாகத் தெரிந்தன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை, கை கோர்த்துக்கொண்டன. அட்டவணையை நம்பி நாங்கள் இக்கரைக்கே திரும்பத் திரும்பப் புதுப் பலகை போட்டோம், தேய்ந்ததை அங்கே அனுப்பினோம், பிறகு அங்கே ஒரு குறையும் இல்லை என்றோம். இன்னும் நிற்பவற்றை எறியாமல் கணக்கில் சேர்த்தேன் என்று எவ்வளவு பெருமைப்பட்டேன்.

திங்கட்கிழமை எஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"நீர் இதை எழுதினா எனக்கும் கரைச்சல். ஓவசியருக்கும் விருப்பமில்லை எண்டு நீரே சொல்லுறீர். பிறகு ஆருக்காக எழுதுறீர்?"

"செத்தவருக்காக சேர்."

அப்படிச் சொன்னேன். இப்போது வயது போனபின் யோசித்தால் அது முழு உண்மை இல்லை. என் பெயர் போட்ட ஒரு பொய் மேசையில் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் எனக்காகவும் எழுதினேன்.

ஆறு பக்கம் எழுதினேன். அட்டவணை பிழை என்றும், பிழை எப்படி வந்தது என்றும், ஓவசியர் முன்கூட்டியே எச்சரித்தார் என்றும், அதைப் பெரிதாக எடுக்காதவள் நான் என்றும் எழுதினேன். திருத்திய அட்டவணையையும் சேர்த்தேன். அதில் அக்கரைப் பாலங்கள்தான் பட்டியலின் மேலே நின்றன.

ஓவசியர் மீதான குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். எஞ்சினியரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. கழற்றிய பலகையை இனிமேல் எந்தப் பாலத்திலும் போடக்கூடாது என்று கட்டளை வந்தது. பழைய பலகை போட்ட அக்கரைப் பாலங்களை, புது மரம் வரும்வரை, மூடச் சொல்லியும் கட்டளை வந்தது. திருத்திய ஓடைப் பாலத்தையும் சேர்த்து மூன்று பாலங்களை இரண்டு முனையிலும் முட்கம்பி அடித்து மூடினார்கள். அந்த வருடம் புது மரம் வரவில்லை. எந்தக் கரைக்கும் வரவில்லை.

அடுத்த வருடம் நான் வழக்கம்போல அட்டவணையைப் புதுப்பித்தேன். புதிதாக வந்த எஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கரைப் பாலங்கள் நல்லா நிக்குது போல. ஒண்டிலயும் பழுது வரேல்லை. அப்ப அவசரம் இல்லை" என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் ஓவசியர் பென்சன் பத்திரங்களில் கையெழுத்து வைக்க வந்தார். வேலை முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றார். அதே இடம்.

"பென்சன் சரிவந்திட்டுது மிஸ். அல்லாஹ் உங்களுக்கு நல்லதைத் தரட்டும்."

அவர் கோபத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான் அப்படி எதிர்பார்த்தேன், இருக்கவில்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஓடைப் பாலம் எப்பிடி இருக்கு?"

"மூடித்தான் கிடக்கு."

"சனம் எப்பிடி வயலுக்குப் போகுது?"

"ஓடைக்குள்ளால இறங்கித்தான். அந்தப் பாலத்தில மவுத்தான பொடியன்ட பெஞ்சாதி இப்ப கூலிக்குக் கதிர் அறுக்கப் போறா. அவவும் அதுக்குள்ளாலதான்."

"தண்ணி எவ்வளவு?"

கையைத் தன் இடுப்புக்கு நேரே வைத்துக் காட்டினார். "மாரியில இந்தளவு."

அவர் போனபின் அட்டவணையை எடுத்தேன். ஓடைப் பாலத்தின் வரியில், திருத்திய நாளிலிருந்து "பழுதில்லை" என்று என் கையெழுத்தில் இருந்தது. யாரும் நடக்காத பலகை எப்படிப் பழுதாகும்? மூன்று பாலங்களின் வரிகளிலும், மூடிய நாளோடு கணக்கை நிறுத்தினேன். ஆனால் அது போதவில்லை. ஓடைப் பாலத்துக்கு நேரே, ஓரத்தில், "சனம் தண்ணீரில் நடக்கிறது. மாரியில் இடுப்பளவு" என்று எழுதினேன். தட்டெழுத்துக்காரர் ஓரத்தில் இருப்பதை அடிக்க மாட்டார். ஆகவே கொழும்புக்குப் போகும் பிரதியை நானே, இரண்டு விரலால், அந்த வரி உட்பட அடித்து, புது எஞ்சினியரின் முன்னால் கொண்டுபோய் வைத்து, அவர் கையெழுத்து வைக்கும்வரை நின்றேன்.

பலகை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. புதுப் பாலைமரப் பலகை, ஒரு வரிசை ஓட்டை மட்டும். அது வருவதற்குள் இரண்டு மாரி போய்விட்டது. இரண்டு மாரியும் அவள் அந்தத் தண்ணீரில் நடந்தாள்.